சாக்கின் எடை

“த்தூ... த்தூ...”

கேட்டதா டீச்சர்? ஒன்றுமில்லை, கொல்லையில்தான். என் பெரியவன் மதியரசன். நெல்லிக்காயை வாயில் அடக்கிக்கொண்டு எச்சில் துப்புகிறான். சாப்பிடுவதற்கு முன்னால் அவனுக்கு அப்படி ஒரு பழக்கம். நாலு வருஷமாக இருக்கிறது. டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு பழக்கம் இருக்கத்தானே செய்யும். என் தம்பி மகன் நகம் கடிக்கிறான். இவன் துப்புகிறான். அவ்வளவுதான்.

உட்காருங்கள். அதில் வேண்டாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். என் வீட்டுக்காரி தவமணி மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். இந்த முருங்கைக்கீரையை உருவி வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். தப்பாக நினைக்காதீர்கள், உருவிக்கொண்டே பேசுகிறேன். ஆறரைக்கு நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் இது முடியாவிட்டால் எனக்கு அர்ச்சனைதான்.

என் சின்னவள் பூவிழி பள்ளியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சம்மதப் பாரம் இதோ, ஒரு வாரமாக இந்த ஸ்டூல் மேல்தான் கிடக்கிறது. மறக்கவில்லை டீச்சர். தினமும் வேலை முடிந்து வந்து படுக்குமுன் எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன். முப்பது கிலோவுக்குள் இருக்கும் பெண் பிள்ளைகளின் கபடி அணி. நாலு மாதம். சனி ஞாயிறு ஒவ்வொரு ஊர். பேராவூரணி, அறந்தாங்கி, மன்னார்குடி. வேனில் கூட்டிப்போய் வேனில் கொண்டுவந்து விடுவீர்கள். எல்லாம் புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டு ஸ்கூட்டியில் வீடு தேடி வந்திருக்கிறீர்களே, அதிலேயே தெரிகிறது, என் பெண் கபடியில் கெட்டிக்காரி. காலைப் பிடித்தாள் என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட நகர முடியாது என்றீர்களாமே. ஒன்பது வயசு. நாலாம் வகுப்பு.

அனுப்புவதா வேண்டாமா, அதுதான் இப்போது கேள்வி. விளையாட்டே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். அப்படி நினைத்துவிடாதீர்கள். நீங்கள் இந்த ஊர்ப் பள்ளிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, உங்களுக்குத் தெரிந்திருக்காது. பெரியவன் விஷயத்தில் எனக்கு ஒரு அநியாயம் நடந்தது. அதைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நான் மெயின் ரோட்டில் லாரி எடைமேடையில் ராத்திரி வேலை பார்க்கிறேன். தேங்காய் லாரி, கொப்பரை, நெல், கடற்கரையிலிருந்து மீன் லாரி. லோடு எடை, காலி எடை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு. பதினெட்டு வருஷமாக இந்த ஒரு கழித்தல் கணக்குதான் எனக்குச் சோறு போடுகிறது. படிப்பு ஒன்பதாவதுதான். ஆனால் என் சீட்டில் தப்பு என்று ஒரு டிரைவர் வந்து நின்றதில்லை. தார்ப்பாய் நனைந்திருந்தால் அதற்கு எவ்வளவு, கிளீனர் இறங்காமல் தூங்கிக்கொண்டிருந்தால் அதற்கு எவ்வளவு, பார்த்தாலே சொல்லிவிடுவேன்.

மதிக்குப் பத்து வயசில் கபடி பிடித்துக்கொண்டது. நம் பக்கத்தில் உங்களுக்கே தெரியும், சின்னப் பையன்களை வயசு பார்த்துச் சேர்ப்பதில்லை, எடை பார்த்துத்தான். முப்பத்தைந்து கிலோ, நாற்பத்தைந்து கிலோ. ஏழு பேரும் அதற்குள் இருக்க வேண்டும். டீக்கடை சித்திரவேல் அண்ணன்தான் ‘புயல் பறவை’ என்று ஒரு குழு வைத்திருந்தார். ஒரு நாள் எடைமேடைக்கே வந்தார், என்னை நாடி என்றுதான் கூப்பிடுவார். “நாடி, ஒம் மவன எனக்குக் குடு. பாம்பு மாதிரி போயிட்டு வர்றான்டா. நீ எடை பாக்குறவன், ஒனக்கு நான் சொல்லணுமா? முப்பத்தஞ்சுக்குள்ள மட்டும் வச்சுக்க.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே மதியை லாரி மேடையில் நிற்க வைத்து எடை பார்த்தேன். நாற்பது என்று காட்டியது. பையன் ஓவென்று அழுதுவிட்டான். அப்புறம்தான் எனக்கே உறைத்தது, லாரி மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும், அதுவும் கூடக்குறையத்தான், அதற்குக் கீழே அதற்குக் கணக்குத் தெரியாது. நின்றிருந்த டிரைவர்கள் எல்லாம் சிரித்தார்கள். “அண்ணே, டிரிப்பு சீட்டு போட்டுக் குடுங்க, தம்பிய நான் ஏத்திக்கிட்டுப் போறேன்” என்றான் ஒருவன். மறுநாளே பட்டுக்கோட்டை போய் வீட்டுக்கு ஒரு சின்ன எடை மிஷின் வாங்கிவந்தேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, இன்னும் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

தையில் ஆரம்பித்தது, வைகாசி வரைக்கும் ஓடியது. சித்திரவேல் அண்ணனுக்குக் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று உண்டு. பின்னால் பையன்கள், முன்னால் அவரும் நானும். ராத்திரி வேலை முடித்த கையோடு, தூக்கத்தோடு போவேன். எத்தனை ஊர்! மைக்கில் “புயல் பறவையின் மதி கபடி பாடி வருகிறார்” என்று சொல்வார்கள். பத்து வயசுப் பிள்ளையை ‘வருகிறார்’ என்று சொல்வார்கள் டீச்சர். என்னை இந்த ஊரில் எவன் ‘வருகிறார்’ என்று சொல்லியிருக்கிறான்?

ஆனால் பிள்ளை வளர்வான் இல்லையா. மற்ற வீட்டில் பிள்ளை வளர்ந்தால் சந்தோஷப்படுவார்கள். எங்கள் வீட்டில் கால் கிலோ ஏறினால் நானும் சித்திரவேல் அண்ணனும் தலையில் கையை வைத்துக்கொள்வோம். மாசியில் முப்பத்து மூன்றரை. பங்குனியில் முப்பத்து நாலே கால். அப்புறம் சில முறைகள் எல்லாம் செய்தோம். வெள்ளிக்கிழமையிலிருந்து ராத்திரிச் சோறு கிடையாது. வாயில் நெல்லிக்காய், இல்லையென்றால் புளியங்கொட்டை. எச்சில் ஊறும், துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சொம்பு துப்பினால் முந்நூறு கிராம். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பள்ளி மைதானத்தில் பத்து சுற்று. நான் வற்புறுத்தவே இல்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும். கேட்பேன், “ராத்திரி சாப்புடுறியாடா, இல்ல ஞாயித்துக்கெழம ஆடுறியா?” அவனே சொல்வான், “ஆடுறேன்ப்பா.” எல்லாம் அவன் இஷ்டம்தான்.

தவமணிதான் கத்துவாள். “ஏத்தி எறக்க அவன் என்ன தேங்கா மூட்டையாங்க? லாரிக்காரன்கிட்ட காட்டுற வேலைய எம் புள்ளகிட்ட காட்டாதீங்க” என்பாள். ஒரு நாள் நான் வேலைக்குப் போனதும் அவனை எழுப்பி தோசை கொடுத்திருக்கிறாள். அவன் வாயைத் திறக்கவில்லையாம். “அப்பாவுக்குத் தெரிஞ்சிரும்மா. மிஷின்ல வந்துரும்” என்றானாம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. புத்திசாலிப் பையன் என்று நினைத்தேன்.

வைகாசிக் கடைசி ஞாயிறு. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஊர், பேர் வேண்டாம். கோயில் திருவிழாவை ஒட்டிப் பகல் ஆட்டம். எடை பார்ப்பதற்கு உரக்கடையிலிருந்து மேடைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து வெயிலில் போட்டிருந்தார்கள். எடை பார்த்துச் சரியாக இருந்தால் முன்னங்கையில் ஊதா மையில் முத்திரை குத்துவார்கள். முத்திரை இருந்தால்தான் கோட்டுக்குள் போகலாம்.

அன்றைக்குக் காலை வீட்டு மிஷினில் மதி முப்பத்து நாலரை. சரியாக முப்பத்து நாலு ஐந்நூறு. நானே பார்த்தேன். ஆனால் அங்கே ஏறினால் முப்பத்தைந்து நானூறு காட்டுகிறது! சித்திரவேல் அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது. அப்புறம் மெதுவாகச் சொல்கிறார், “வழியில தாகமாருக்குன்னான் நாடி. மொகத்தப் பாக்க முடியல. ஒரு பாட்டில் ரோஸ்மில்க் வாங்கிக் குடுத்துட்டேன்.” அரை லிட்டர். அரை கிலோ. சரி, அதைச் சேர்த்தாலும் முப்பத்தைந்துதானே வர வேண்டும்? மீதி நானூறு எங்கிருந்து வந்தது?

கமிட்டிக்காரர் சொன்னார், “இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. கொறச்சுட்டு வாங்க. இல்லேன்னா பையன ஒக்கார வைங்க.”

மழைக்கோட்டைப் போட்டு ஓட விட்டேன். வைகாசி வெயில். ஓடினான். நெல்லிக்காய் போட்டால் எச்சில் வரவில்லை, வாய் காய்ந்துவிட்டது. அப்புறம் வண்டியின் முன்பக்கம் உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றி, நானும் கூடவே உட்கார்ந்தேன். கூடவே உட்கார்ந்தேன் டீச்சர், அவனை மட்டும் உள்ளே விட்டுவிட்டு நான் நிழலில் நிற்கவில்லை. அவன் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தான். “எவ்ளோப்பா?” கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். “இப்ப எவ்ளோப்பா?” மிஷினே இல்லாத வண்டிக்குள் நான் என்ன சொல்வேன்? “கொறஞ்சிருக்கும்டா” என்பேன்.

ரெண்டாம் தடவை ஏறினான். முப்பத்து நாலு தொள்ளாயிரத்து ஐம்பது. முத்திரை குத்தினார்கள். சித்திரவேல் அண்ணன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்.

இறுதி ஆட்டம் வரை போனோம். ரெண்டாம் பாதியில் மதி பாடிப் போனான். நடுக்கோட்டைத் தாண்டினான். கபடி கபடி என்று கேட்டுக்கொண்டே இருந்தது, நின்றுவிட்டது. யாரும் பிடிக்கவில்லை. ஒருத்தரும் தொடவில்லை. முழங்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்தான், அப்புறம் சாய்ந்தான். எதிரணிப் பையன்கள் கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள், நாங்க தொடல, நாங்க தொடல என்று.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். ஒன்றரை நாள் வரைக்கும் சிறுநீர் இறங்கவில்லை. அந்த டாக்டரம்மா என்னைக் கேட்ட கேள்வியை நான் இங்கே சொல்ல விரும்பவில்லை. தவமணி சொன்னதையும்.

பிழைத்துக்கொண்டான். நன்றாக இருக்கிறான், பத்தாவது போகப்போகிறான். கொஞ்சம் ஒல்லி. கபடி வேண்டாம் என்றுவிட்டான். நான் என்ன சொல்ல வந்தேன்? அநியாயம். அதைச் சொல்லவில்லையே இன்னும்.

சாக்கு டீச்சர், சாக்கு! தராசின் இரும்புத் தகடு வெயிலில் கொதிக்கிறது, பிள்ளைகள் வெறுங்கால், சுடக்கூடாது என்று எவனோ கிழிந்த சணல் சாக்கு ஒன்றைத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் விரித்துவிட்டான். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அந்தச் சாக்கின் எடையைக் கழிக்கவே இல்லை. நனைந்த சாக்கு நானூறு கிராம்! எல்லாம் முடிந்து, மதியின் செருப்பை எடுக்கத் திரும்பி வந்தபோது அவர்கள் சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் பிள்ளை முதல் தடவை ஏறியபோதே சரியாக முப்பத்தைந்து. ஓட வேண்டிய அவசியமே இல்லை. விழாக் கமிட்டிக்கு மூன்று கடிதம் போட்டேன். நானே எழுதினேன், யாரிடமும் எழுதி வாங்கவில்லை. ஒன்றுக்குப் பதில் வந்தது, திருவிழா கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது என்று.

நாலு வருஷமாக இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. எடைமேடைக்கு வரும் டிரைவர்கள், என் மச்சான், கறிக்கடைக்காரர், எல்லோருக்கும் தெரியும். போன வாரம்கூட என் மச்சான் வந்திருந்தார், இதே இடத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன்.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை, நீங்கள் படித்தவர்கள், சொல்லலாம். வண்டி வராத நேரத்தில் எடைமேடை வெறுமையாகக் கிடக்கும். காற்று அடித்தால் எண் காட்டும் பெட்டியில் பூஜ்யம் ஆடும். பத்து, பூஜ்யம், பத்து என்று. அது எல்லா மேடையிலும் நடப்பதுதான். ஆனால் சில நாள் முப்பதில் போய் நிற்கும். கொஞ்ச நேரம் நாற்பது. திரும்ப முப்பது. நான் ஜன்னலைத் திறந்து பார்ப்பேன். மேடையில் யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் எனக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார முடியாது. எவ்ளோப்பா என்று கேட்டுவிடுமோ என்று இருக்கும். அப்போதெல்லாம் கணக்குப் போடுவேன். முதல் தடவைக்கும் ரெண்டாம் தடவைக்கும் நானூற்று ஐம்பது கிராம் குறைந்தது. ரெண்டு மணி நேர வெயிலில் சாக்கும் காய்ந்திருக்கும் இல்லையா? சாக்கு காய்ந்ததில் எவ்வளவு, என் பிள்ளை காய்ந்ததில் எவ்வளவு? பிரித்துப் பார்க்கிறேன், பிரித்துப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

யார் அது சைக்கிளை நிறுத்துவது?

மதியா? நீ வெளியிலா போயிருந்தாய்? எங்கே? டியூஷனா, ஞாயிற்றுக்கிழமையிலா... சரி. இவர்கள் தங்கச்சியின் டீச்சர், ஜெனோவா டீச்சர். வணக்கம் சொல். இந்தா, சொம்பை எடுத்துக்கொண்டு போய் சித்திரவேல் பெரியப்பா கடையில் மூன்று காபி வாங்கி வா.

மதி இப்போதுதான் வருகிறான் என்றால்... டீச்சர், கொல்லையில் துப்பியது யார்?

இருங்கள். ஒரு நிமிஷம் இருங்கள், வந்துவிடுகிறேன்.

மன்னிக்க வேண்டும். காக்க வைத்துவிட்டேன். இல்லை, எனக்கு ஒன்றுமில்லை. இந்தக் கீரையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்துகிறேன்.

பூவிழிதான். தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பிளாஸ்டிக் மக்கு. மக்கில் பாதி எச்சில். மத்தியானச் சோறு தட்டோடு வாழைக்கன்றுக்குக் கீழே கொட்டியிருக்கிறது, கோழி கொத்திக்கொண்டிருக்கிறது. “என்னடி இது” என்றேன். “எடை கொறைக்கிறேன்ப்பா” என்கிறாள், பாடம் படிக்கிறேன் என்கிற மாதிரி. கட்டிலுக்கடியிலிருந்து மிஷினை எடுத்துக்கொண்டுபோய் அங்கேயே வைத்திருக்கிறாள். “எவ்வளவுடி இருக்க?” என்றேன். இருபத்தொன்பது எண்ணூறு.

முப்பதுக்குள்தானே டீச்சர்? முப்பதுக்குள்தான். “அதுதான் சரியா இருக்கேடி, பின்ன ஏன்?” என்றேன்.

“சாக்கு போட்டா நானூறு ஏறும்லப்பா” என்கிறாள்.

இருபத்தொன்பது எண்ணூறும் நானூறும் முப்பதே கால் பக்கம். சரியாகப் போட்டிருக்கிறாள் கணக்கை. “யாரு சொன்னா, அண்ணனா?” என்று கேட்டேன். “அண்ணன் எதுவுமே சொல்லாது. நீங்கதான் மாமாகிட்ட சொன்னீங்க. நெல்லிக்கா, மழைக்கோட்டு, எல்லாம்” என்கிறாள். நாலு நாளாகச் செய்கிறாளாம். நெல்லிக்காய் தீரப்போகிறதாம், ஒன்றுதான் பாக்கி இருக்கிறதாம்.

நீங்கள் அவளிடம் எடை குறைக்கச் சொல்லவில்லை, தெரியும் டீச்சர். முப்பது தாண்டினால் முப்பத்தைந்து அணியில் சேர்த்துக்கொள்வீர்கள், தெரியும். உங்களை யார் குறை சொன்னார்கள். மதி வரவில்லை இல்லையா இன்னும்? டீக்கடைக்குப் போய்வரப் பத்து நிமிஷம் ஆகும்.

நான் சொன்ன கதையில் ஒரே ஒரு இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துச் சொல்லிவிட்டேன். சாக்கைப் பின்னால் பார்த்தேன் என்று சொன்னேன் பாருங்கள், அந்த இடம்.

முதலிலேயே பார்த்தேன். ஒரு பிள்ளையும் ஏறுவதற்கு முன்னால். சாக்கை விரித்ததும் தராசின் எண் காட்டும் பெட்டியில் நானூறு ஏறி நின்றது. அங்கே இருந்த கூட்டத்தில் ஒருத்தனும் கவனிக்கவில்லை. பதினெட்டு வருஷமாகக் காலி எடை பார்க்கிறவன் நான், என் கண்ணில் படாமல் இருக்குமா? ஒரு வார்த்தை சொன்னால் போதும், கழித்துவிட்டிருப்பார்கள்.

சொல்லவில்லை. எதிரணியில் ஒரு பையன் இருந்தான். புல்லட் என்று கூப்பிடுவார்கள், அசல் பேர் எனக்கு இன்றுவரை தெரியாது. அவனைப் பிடித்தால் பிடித்தவன்தான் விழுவான். அவன் முப்பத்து நாலு எண்ணூறு என்று அவன் அப்பாவே டீ குடிக்கும்போது சொல்லியிருந்தார். நானூறு சேர்ந்தால் அவன் வெளியே. என் பிள்ளை முப்பத்து நாலரை, நானூறு சேர்ந்தாலும் உள்ளே. அந்த நேரத்தில் இந்தக் கணக்கை எவ்வளவு வேகமாகப் போட்டேன் தெரியுமா? ரோஸ்மில்க் எனக்குத் தெரியாது.

புல்லட் ஏறினான், வெளியே போனான். அவன் அப்பா எல்லோருக்கும் முன்னால் அவன் முதுகில் அடித்தார். “தின்னுட்டு வந்தியாடா, சொல்லு, எங்கடா தின்ன?” என்று கேட்டுக் கேட்டு அடித்தார். “திங்கலப்பா, சத்தியமா திங்கல” என்று அவன் சொல்கிறான். உண்மையைத்தான் சொன்னான். அது எனக்கு மட்டும்தான் தெரியும். கோயில் மண்டபத்துத் தூணைக் கட்டிக்கொண்டு அழுதான். பத்து வயசுதான் அவனுக்கும்.

அதற்கப்புறம் மதி ஏறினான், நானூறு கூடுதல். இப்போது நான் எப்படி வாயைத் திறப்பேன்? சாக்கு என்று சொன்னால் புல்லட்டையும் கூப்பிட்டு ஏற்றுவார்கள். அடித்த அப்பா என் சட்டையைப் பிடிப்பார். எடைமேடைக்காரன் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்தான் என்று மைக்கில் சொல்வார்கள். அதனால் ஓட விட்டேன். நானூறு கிராம்தானே என்று ஓட விட்டேன்.

காபி...

மதி. எப்போது வந்தாய்?

இங்கேதான் நின்றாயா? இவ்வளவு நேரமும்? சொம்பைக் கீழே வை, கை சுடும். வையடா கீழே.

என்ன? சத்தமாகச் சொல். டீச்சர் இருக்கட்டும், சொல்.

கேட்டீர்களா டீச்சர், என்ன சொல்கிறான் என்று? “எனக்குத் தெரியும்ப்பா” என்கிறான். “சாக்கு போட்டதும் நம்பர் ஏறுனத நானும் பாத்தேன். நீங்க பாத்ததையும் பாத்தேன். நீங்க பேசாம இருந்தீங்க, சரி, அப்பாவுக்கு அதுதான் வேணும் போலன்னு நானும் பேசாம இருந்தேன்” என்கிறான்.

ஓடும்போதும் தெரியுமாடா?

வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோதும்?

தலையை ஆட்டுகிறான் பாருங்கள்.

நாலு வருஷம். வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் நான் இந்தக் கதையைச் சொல்லும்போது நீ உள் அறையில்தானே இருப்பாய். ஒரு தடவையாவது வந்து, பொய் சொல்லாதீங்கப்பா என்று சொல்லியிருக்கலாமே. என்ன? அவன் பேரா? புல்லட் பேரா? தமிழ்வாணனா? உனக்கு எப்படித் தெரியும்? போன வருஷம் உதவித்தொகைப் பரீட்சை எழுத உங்கள் பள்ளிக்கு வந்திருந்தானா? பேசினாயா? என்ன பேசினீர்கள்?

சரி, சொல்ல வேண்டாம்.

இப்போது இவளை என்ன செய்வது? நீயே சொல். நான் கேட்கிறேன், உன்னிடம்தான் கேட்கிறேன். டீச்சர் பாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வேண்டாம் என்று கிழித்துப் போட்டுவிடவா? கிழித்தால் அவள் நாலு நாள் அழுவாள், அப்புறம் மறந்துவிடுவாள்.

“அவ ஆடட்டும். அவளுக்குப் புடிச்சிருக்கு. நீங்க மட்டும் போவாதீங்க.”

அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்கிறான் டீச்சர். நீங்களும் குனிந்துகொள்கிறீர்கள். நான் கூட வந்தால் ஒவ்வொரு ஊரிலும் தராசைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். தராசைச் சரிபார்க்க ஒரு படிக்கல்லைக்கூட எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அதற்குத்தான் வரலாம் என்று... சரி. வேண்டாம் என்றால் வேண்டாம்.

பேனாவைக் கொடுங்கள். பாரத்தில் பாருங்கள், சம்மதம் என்கிற இடம்தான் ஒரு வாரமாகக் காலி. உடன் வருபவர் என்கிற இடத்தில் வந்த அன்றைக்கே என் பேரை எழுதிவிட்டேன். அதை அடித்துவிடுகிறேன். அடித்தால் செல்லுமா? பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டால் போதுமா? தவமணி என்று எழுதுகிறேன். அவளுக்குச் சனி ஞாயிறில் இந்தக் குழுக் கூட்டத்தை விட்டால் வேறு வேலை இல்லை. சம்மதம் என்கிற இடத்திலும் அவளே கையெழுத்துப் போடட்டும். பாரத்தை நாளைக்குக் காலையில் அவளே கொண்டுவந்து உங்களிடம் கொடுப்பாள். அவள் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான். என் கையெழுத்து இந்த அடித்தலுக்கு மட்டும் இருக்கட்டும்.

பூவிழி, அங்கே ஏன் நிற்கிறாய்? வாயைக் கழுவிக்கொண்டு வா. டீச்சர் கிளம்புகிறார்கள்.

காபி ஆறிவிட்டது, ஆனாலும் ஒரு வாய் குடித்துவிட்டுப் போங்கள். ஸ்கூட்டியைப் பார்த்துத் திருப்புங்கள், வாசலில் ஜல்லி கொட்டியிருக்கிறது. ஒரே ஒரு விஷயம் டீச்சர், எந்த ஊரிலாவது தராசு மேல் சாக்கு...

ஒன்றுமில்லை. போய் வாருங்கள்.

மதி, உள்ளே போய்த் தங்கச்சிக்கு ஒரு தட்டில் சோறு போட்டு வை. நான் அங்கே வரவில்லை, நீயே பக்கத்தில் உட்கார்ந்துகொள். போகிறபோது அந்த முறத்தை மட்டும் இப்படித் தள்ளு. இன்னும் அரைக் கட்டுக் கீரை இருக்கிறது.